ஜின்ஸர் பி-ஐ-என்: லேமினேட் அலமாரியில் பெயின்ட்டை நிற்க வைக்கும் பிரைமர்

பெட்டிக்குள் பலகை பலகையாக வந்து, வீட்டில் நாமே திருகிப் பூட்டிக்கொள்ளும் அலமாரிக்கு நிறம் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் கலர் கார்டைப் புரட்டுவதில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். ஆறு மாதத்தில் நகம் பட்டாலே அந்தப் பெயின்ட் ஏடாக உரிந்து வந்தால், அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. பெயின்ட்டின் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. அடியில் பூசிய பிரைமர் பலகையைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் கைகொடுக்கும் சரக்கு ஜின்ஸர் பி-ஐ-என். விலை அதிகம், வாடை அதிகம், ஈரக்காற்றில் அடம்பிடிக்கும். இத்தனைக்கும் பிறகும் லேமினேட் பலகைக்கு இந்த அளவு நம்பகமான ஒற்றை டப்பா பிரைமர் கிடைப்பது அரிது. ஆனால் எல்லா அலமாரிக்கும் இது வேண்டியதில்லை. சிலவற்றுக்கு இதை வாங்குவது வீண் செலவு.

எது உங்கள் பலகை என்று முதலில் தெரிய வேண்டும். அலமாரியின் பின்பக்கம், சுவரைப் பார்த்த ஓரத்தில் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். கத்தி வழுக்கிக்கொண்டு போய்க் கோடு மட்டும் விழுந்தால் அது மெலமைன்: பிசினில் ஊறிய காகிதத்தைச் சூட்டிலும் அழுத்தத்திலும், மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின்மேல் ஒட்டியது. இந்தியாவில் ஆன்லைனில் விற்கும் கம்ப்யூட்டர் மேசை, ஷூ ரேக், வார்ட்ரோப் பெரும்பாலும் இந்த வகை. சுரண்டியதும் காகிதத் துணுக்காக எழும்பி அடியில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது பேப்பர் ஃபாயில். ஐகியாவின் பில்லி புத்தக அலமாரிகளில் இருப்பது இதுதான். ரப்பர் தோல்போலச் சுருண்டு வந்தால் பிவிசி ஃபிலிம். சமையலறைக் கதவுகளில், அதுவும் அடுப்புப் பக்கத்துக் கதவுகளில், இந்த ஃபிலிம் சூட்டில் தானே கழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் எந்தப் பிரைமரும் உதவாது, ஏனென்றால் பிரைமர் ஃபிலிமைப் பிடித்தாலும் ஃபிலிம் பலகையைப் பிடிக்காது. ஹீட் கன்னால் சூடேற்றி முழுசாக உரித்துவிட்டு, அடியில் இருக்கும் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகைக்கே பிரைமர் அடிப்பதுதான் வழி. கடைசியாக, ஐகியாவின் ராஸ்ட், ஈவார் மாதிரி பூச்சே இல்லாத பைன் மரச் சாமான்கள். அவற்றுக்கு டப்பா முழுக்கச் செலவழிக்க வேண்டாம். பைன் மரத்தின் கணுக்களில் இருக்கும் பிசின் வெள்ளைப் பெயின்ட்டை ஊடுருவி மஞ்சள் வட்டமாக வெளியே வரும். கணுக்களின்மேல் மட்டும் பி-ஐ-என் இரண்டு தடவை தடவிவிட்டு, மற்ற இடத்துக்குச் சாதாரண வுட் பிரைமர் போதும்.

டப்பாவில் இருப்பது வெள்ளை நிறமி கலந்த அவலரக்கு (ஷெல்லாக்). நம் ஊர்த் தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைக்கும் அதே சரக்கு; அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து எடுப்பது. அரக்கு உற்பத்தியில் இந்தியா முன்னணி நாடு, அதில் பெரும்பகுதி ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் விளைகிறது. இங்கிருந்து கப்பலேறிய பிசினே வெள்ளை டப்பாவில் திரும்பி வந்து நம்மிடம் பல மடங்கு விலை கேட்கலாம்.

சாதாரண வுட் பிரைமர் ஏன் தோற்கிறது? அது மரத்துக்காகச் செய்தது. மர நாருக்குள் ஊறிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெலமைனில் ஊற இடமே இல்லை. மேலே ஒரு தோலாக உட்கார்ந்திருக்கும். மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது கூடவே வந்துவிடும். அவலரக்குக்கு ஊற வேண்டிய தேவை இல்லை. கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்து காய்ந்தால் பிளேடு வைத்துச் சுரண்டித்தான் எடுக்க முடியும், அந்த அளவு வழவழப்பையும் பிடிக்கும். ஸ்பிரிட் ஆவியானதும் வேலை முடிந்தது: 20 நிமிடத்தில் தொடலாம், 45 நிமிடத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். வுட் பிரைமரைப்போல் இரவு முழுக்கக் காத்திருந்து, அதற்குள் தூசியும் கொசுவும் ஒட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டியதில்லை.

இதே ஜின்ஸர் வரிசையில் புல்ஸ் ஐ 1-2-3 என்று தண்ணீரில் கரையும் பிரைமர் ஒன்றும் உண்டு. வாடை குறைவு, பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவிவிடலாம். அதுவும் லேமினேட்டைப் பிடிக்கும், ஆனால் முழு பிடிமானம் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் சாமானை இழுத்து நகர்த்தினால் மூலைகளில் பெயர்ந்துவிடும். இன்னொரு சிக்கல், மூடாத பார்ட்டிகிள் போர்டு ஓரங்களில் தண்ணீர்ச் சரக்கு பட்டதும் மரத்தூள் ஊதிச் சொரசொரப்பாகும். குழந்தைகள் இருக்கும் சின்ன ஃபிளாட்டில் ஜன்னல் திறந்து வைத்து வேலை செய்ய வழியில்லை என்றால் 1-2-3 எடுங்கள். மற்றபடி பி-ஐ-என் தான்.

பிரைமரே தேவையில்லை என்று சொல்லி விற்கும் சாக் பெயின்ட் பற்றியும் கேட்பார்கள். லேமினேட்டில் ஒட்டும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் படலம் மென்மையானது. மேலே மெழுகோ வார்னிஷோ இல்லாமல் புழக்கத்தைத் தாங்காது. போட்டோ ஃபிரேம் வைக்கும் மேசைக்குச் சரி. சாவி, செல்போன், ஹெல்மெட் எறியும் மேசைக்குச் சரிப்படாது.

பூசுவதற்கு முன்

இந்தப் பிரைமர் பிடிக்காமல் போன இடங்களில் பத்தில் ஒன்பது எண்ணெய்ப் பிசுக்கின் வேலை. கதவுக் கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கை எண்ணெய், சமையலறையில் தாளிப்பு ஆவி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலிக்கான் கலந்த பர்னிச்சர் பாலிஷ். சிலிக்கான் இருக்கும் இடத்தில் ஈரப் பிரைமர் விலகி வட்ட வட்டமான குழிகள் விழும். பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். பலகை ஓரங்களில் தண்ணீர் வழியவிடக் கூடாது. பிறகு வெறும் தண்ணீர்த் துணி. காய்ந்ததும் டினேச்சர்ட் ஸ்பிரிட்டில் (தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் ஸ்பிரிட்) ஒரு துடைப்பு. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துணியை மாற்றுங்கள்.

அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். முன்பே தேய்த்தால் பிசுக்கைப் பலகைக்குள் தேய்த்து ஏற்றியதுபோல் ஆகிவிடும். மெலமைனுக்கு 180 அல்லது 220 நம்பர். பளபளப்பு மங்கினால் போதும், நிறம் போக வேண்டியதில்லை. பேப்பர் ஃபாயிலுக்கு 240க்குக் கீழே போகாதீர்கள். அதுவும் கையால், மெஷின் வேண்டாம். ஃபாயில் காகிதக் கனம்தான், மூலையில் நாலு இழுப்பில் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தைப் பட்டி பார்த்தாலும் வெளிச்சத்தில் தழும்பு தெரியும்.

பட்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. சுவருக்குப் போடும் வெள்ளை சிமென்ட் பட்டியை மிச்சம் இருக்கிறதே என்று அலமாரிக்குப் போடும் பெயின்ட்டர்கள் உண்டு. பலகை லேசாக வளைந்து கொடுக்கும்போதே அது வெடித்து உதிரும். பழைய கைப்பிடியின் துளை, மூலை உடைந்த இடம் போன்றவற்றுக்குக் கார் பாடிக்குப் போடும் இரண்டு பொருள் கலக்கும் பட்டி சரியானது. சின்னத் துளைக்கு எம்-சீல் போதும். ஈரம் பட்டு ஏற்கெனவே உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டைப் பழைய கனத்துக்குக் கொண்டுவர முடியாது. உப்பலைத் தேய்த்துச் சமமாக்கி, அந்த ஓரத்துக்கு மட்டும் பிரைமர் கூடுதலாக ஒரு கோட் கொடுத்து அடைக்கலாம். அடிப்பலகை முழுக்க உப்பியிருந்தால் பெயின்ட் செலவே வேண்டாம்.

கழற்றிப் பூசுவதா, அப்படியேவா? புதிதாகப் பெட்டி பிரித்திருந்தால் பூட்டுவதற்கு முன் படுக்க வைத்துப் பூசுவது சுலபம், வழிசல் விழாது. ஆனால் ஒரு பலகை இன்னொன்றின்மேல் வந்து உட்காரும் பட்டையை மாஸ்கிங் டேப் போட்டு மறைத்துவிட வேண்டும். அந்த இடத்தில் பெயின்ட் ஏறினால், பலகைகளை இறுக்கும் கேம் லாக் கடைசிவரை திரும்பாது. ஏற்கெனவே சில வருஷம் நின்ற அலமாரி என்றால் சட்டத்தைக் கழற்றாதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒரு தடவை கழன்று ஏறினாலே பிடி தளரும். கதவு, கைப்பிடி, டிராயர் முகப்பு, பின்பலகை இவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

பூசும்போது

டப்பாவை மூடியோடு குலுக்கினால் போதாது. நிறமி கனமானது, அடியில் களியாகப் படிந்திருக்கும். குச்சியால் அடியைச் சுரண்டி ஐந்து நிமிடமாவது கலக்க வேண்டும். மேலே மிதக்கும் மெல்லிய பகுதியை மட்டும் எடுத்துப் பூசியவர்கள்தான் "மறைக்கவே மாட்டேன் என்கிறது" என்று குறை எழுதுகிறார்கள்.

இது தண்ணீர் மாதிரி ஓடும் சரக்கு. 4 அங்குல மைக்ரோஃபைபர் ரோலர், நூல் உயரம் 5 மி.மீ. அளவில் இருப்பது, தட்டையான பரப்புக்கு நல்லது. ஸ்பாஞ்ச் ரோலரில் குமிழ்கள் வரும். அவை உடையுமுன் பிரைமர் காய்ந்துவிடுவதால் பரப்பில் புள்ளிப் புள்ளியாக நிற்கும். மூலைகளுக்கு மட்டும் விலை குறைந்த சிந்தெடிக் பிரஷ். பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். எனாமல் அடித்துப் பழகிய கை, நீளமாக ஓர் இழுப்பு இழுத்துச் சரிசெய்யத் துடிக்கும். இங்கே ஒரு நிமிடத்திலேயே இழுபட ஆரம்பித்து, பிரஷ் ரோமத்தின் தடம் வரப்பு வரப்பாகப் பதிந்துவிடும். விட்டுப்போன இடத்தை அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம், 45 நிமிடம்தானே. மேலே கைவைத்தால் தட்டுப்படும் திட்டுகளை 320 நம்பரால் தடவிவிட்டு இரண்டாவது கோட்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் இந்தப் பிரைமரின் உண்மையான எதிரி ஈரப்பதம். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். படலம் மாவுபோல் மங்கி, நகத்தில் வரும் அளவுக்கு மென்மையாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் வேறு தொல்லை: 32 டிகிரிக்கு மேல் வெப்பமானால் ரோலரிலேயே காய்ந்து நூல் நூலாக இழுக்கும். மாசி, பங்குனி வாகான காலம். கோடையில் செய்தே ஆக வேண்டுமானால் நேரடி வெயில் படாத அறையில், மாலையில், சின்னச் சின்னப் பகுதிகளாக. பூசும்போது மின்விசிறி நிற்கட்டும், பூசி முடித்ததும் சுற்றட்டும்.

வாடையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆல்கஹால் ஆவி, எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் கேஸ் அடுப்பு, சாம்பிராணி, பூஜை விளக்கு எதுவும் எரியக் கூடாது. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும்.

எவ்வளவு வாங்குவது

லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐகியாவின் எட்டு அறை கொண்ட கல்லாக்ஸ் அலமாரியை எடுங்கள்: 147 செ.மீ. உயரம், 77 செ.மீ. அகலம், 39 செ.மீ. ஆழம். வெளிப்பக்கமும் முன் ஓரங்களும் சேர்த்து 2 சதுர மீட்டர் வரும். எட்டு அறைகளின் உள்பக்கம் மட்டும் 4 சதுர மீட்டருக்கு மேல். உள்ளும் புறமும் இரண்டு கோட் என்றால் 1.2 லிட்டர் ஆகி, இரண்டாவது டப்பா உடைபடும். வெளியே மட்டும் என்றால் 400 மி.லி., ரோலர் குடிப்பதையும் சேர்த்து அரை லிட்டர். கூடை வைத்து மறைக்கப்போகும் உள்பக்கத்துக்கு இத்தனை விலையுள்ள பிரைமரைக் கொட்டுவது தேவையா என்று யோசியுங்கள். உள்ளே மூலைகளில் ரோலர் நுழையாது, பிரஷ் தடம்தான் மிஞ்சும். வெள்ளை அலமாரியின் உள்பக்கத்தை வெள்ளையாகவே விட்டு, வெளியே மட்டும் அடர்நிறம் கொடுத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பில்லி அலமாரியில் கணக்கு வேறு. நகர்த்தக்கூடிய தட்டுகள் இரு பக்கப் பலகைக்கும் நடுவே நெருக்கமாக உட்கார்பவை. ஒரு கோட் காய்ந்தபின் சுமார் 0.04 மி.மீ. கனம் இருக்கும். பிரைமர் இரண்டு, பெயின்ட் இரண்டு என நாலு கோட். தட்டின் இரண்டு முனை, பக்கப் பலகை இரண்டு என நாலு பரப்பு. கூட்டினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். தட்டைச் செருகும்போது இரு பக்கமும் புதுப் பெயின்ட்டை உழுதுகொண்டு போகும். தட்டின் முனைகளைப் பூசாமல் விடுங்கள். எப்படியும் கண்ணில் படாது. தட்டைத் தாங்கும் ஆணிகளுக்கான துளைகளில் ஈரப் பிரைமர் இறங்கினால், காய்வதற்குள் தீக்குச்சியால் சுழற்றி எடுத்துவிட வேண்டும்.

பிரைமர் காய்ந்த மறுநாள் ஒரு சோதனை. மறைவான இடத்தில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்கே ஆறு கோடு கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். பெயின்ட் ஆய்வுக்கூடங்கள் ஐ.எஸ்.ஓ. 2409 தரத்தின்படி செய்வதன் வீட்டு வடிவம் இது. கட்டங்கள் அப்படியே நின்றால் மேலே போகலாம். கட்டம் கட்டமாகப் பெயர்ந்தால் பிசுக்கு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மேலே எத்தனை விலையுள்ள பெயின்ட் போட்டாலும் நிற்காது.

மேல் பூச்சுக்குப் பி-ஐ-என் தடை சொல்வதில்லை. ஆயில் எனாமலும் பிடிக்கும், தண்ணீர் எனாமலும் பிடிக்கும். சாட்டின் ஆயில் எனாமல் தடங்களைத் தானே சமன்செய்துகொள்ளும், கடினமாகவும் ஆகும். ஆனால் வெள்ளையை எடுத்தால், கதவு மூடிய இருட்டில் சில மாதங்களில் மஞ்சள் தட்டும். வெள்ளைக்கும் வெளிர் நிறங்களுக்கும் தண்ணீர் எனாமல்தான் சரி. அது ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் புத்தகம் அடுக்கினால் அட்டை ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். சுவர் எமல்ஷன் மிச்சம் இருக்கிறது என்று அதை அடித்தால் இந்த ஒட்டல் என்றைக்கும் போகாது. அடியில் எந்தப் பிரைமர் இருந்தாலும் அதற்கு மருந்தில்லை.

இதைப் பூசக் கூடாத ஓர் இடம் உண்டு: சூடான பாத்திரம் இறங்கும் மேசை. அவலரக்கு சூட்டில் இளகும். ஐகியாவின் லாக் மாதிரியான டீப்பாய்மேல் கொதிக்கும் காபி டம்ளரை நேராக வைத்தால், மேலே எனாமல் இருந்தாலும் அடியில் பிரைமர் இளகி வட்டத் தடம் விழும். சாப்பாட்டு மேசைக்கும் அடுப்பு மேடை ஓரத்துக்கும் ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பொருள் பி.யு. (பாலியூரித்தேன்) பிரைமரும் பி.யு. பெயின்ட்டும் ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

டப்பா கிடைக்காத ஊரில், அல்லது விலை கட்டுப்படியாகாதபோது, தச்சர் வழி ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் டினேச்சர்ட் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அவலரக்குச் சருகு. இரும்புப் பாத்திரம் வேண்டாம், கறுத்துவிடும். கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் ஊறி, அவ்வப்போது கலக்கினால் கரையும். பிறகு இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. சாதாரணச் சருகில் இயற்கை மெழுகு சில சதவீதம் இருக்கிறது, தண்ணீர் எனாமலும் பி.யு.வும் அந்த மெழுகின்மேல் சரியாகப் பிடிக்காது. மெழுகு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, மெல்லிசாக இரண்டு கோட். மெலமைனைப் பிடிப்பதில் இது டப்பாச் சரக்குக்கு அதிகம் சளைத்ததில்லை. நிறமி இல்லாததால் மறைக்காது. கறுப்பு அலமாரியை வெள்ளையாக்க மேலே மூன்று நாலு கோட் பெயின்ட் வேண்டியிருக்கும். ஒரே சாயல் நிறத்துக்கு மாறுபவர்களுக்கு இதுவே தாராளம்.

டப்பாவோ ஜாடியோ, கரைத்த அவலரக்கு நாளாக நாளாகக் கெடும் பொருள். ஸ்பிரிட்டும் பிசினும் மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும்; பழைய சரக்கு காயாமல் பிசுபிசுக்கும். கடைக்காரர் தள்ளுபடியில் நீட்டினால் தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வையுங்கள். மறுநாள் காலையில் விரல் ஒட்டினால் அந்த டப்பா வேண்டாம். மீந்ததைப் பெரிய டப்பாவிலேயே விடாமல், வாய்வரை நிரம்பும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி நிழலில் வையுங்கள். பிரஷ்ஷைக் கழுவ டர்பன்டைன் உதவாது. ஸ்பிரிட், அல்லது ஒரு பங்கு அம்மோனியா மூன்று பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்பதால் கழுவும் வாளி சுத்தமாக இருக்க வேண்டும். ரோலரைக் கழுவ ஆகும் ஸ்பிரிட்டின் விலையில் புது ரோலரே வாங்கிவிடலாம்.